வளைவு முனி

"பெருமாள்சாமி சார் இருக்காங்களா?"

கார் கம்பெனியிலிருந்து போன். செத்து வருஷம் திரும்பிய புருஷனை இருக்கிறாரா என்று கேட்டதில் பத்திரகாளிக்கு எரிச்சல் வந்தது.

"அவிய இல்ல. என்ன விஷயம்?"

"ஸ்டியரிங்ல ஒரு பார்ட் கோளாறு மேடம். சில நேரம் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஓட்டாம நிறுத்தி வைங்க."

பசுவந்தனை ரோட்டு வளைவில் அடிபட்டுக் கிடந்தபோது அவரும் அதைத்தான் சொன்னார்: "திருப்புனேன், திரும்பல." முனி பிடித்து இழுத்துவிட்டது என்று ஊரே அடித்துச் சொன்னது. வளைவில் கிடா வெட்டினார்கள். காரைச் சரிபண்ணி, கொழுந்தன் மாரிராஜிடம் கொடுத்தார்கள்.

பத்திரகாளி உடனே மாரிராஜைப் போனில் கூப்பிட்டாள்.

"எங்கன இருக்க?"

"வளைவுகிட்ட வந்துட்டேன் மதினி. பயப்படாதீங்க, முனிக்கு எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன்."