உயிரோடு இருப்பவருக்கு ஒரு வணக்கம்

லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு ஆண்டுகள் அலைந்த பிறகு யுன்சேவுக்குக் கிடைத்த, வசனம் உள்ள முதல் வேடம் அது. தொலைக்காட்சித் தொடரில் ஒரு கொரியக் குடும்பத்து மகள். புத்தாண்டுக் காலையில் தந்தையின் முன் மண்டியிட்டு, நெற்றி கைகளில் படக் குனிந்து வணங்க வேண்டும்.

ஒத்திகையில் ஒருமுறை வணங்கி எழுந்தாள்.

"கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சுடுது கண்ணு," என்றார் இயக்குநர் கிரெய்க். "ரெண்டு தடவை பண்ணு. அழகா இருக்கும்."

"உயிரோட இருக்கறவங்களுக்கு ஒரு தடவைதான் சார். ரெண்டுன்னா செத்தவங்களுக்கு."

"பாக்கறவனுக்கு அதெல்லாம் தெரியவா போகுது?"

தந்தையாக நடிக்கும் கிழவர் பியோ மெத்தையில் இருந்தபடியே சிரித்தார். "பண்ணிடும்மா. இந்த ஊர்ப் படங்கள்ல நான் சாகாத சாவா? குண்டடி பட்டுச் செத்தேன், வாள்வெட்டுல செத்தேன், சலவைக் கடையில ஒரு வார்த்தை பேசாமயும் செத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். யுன்சே சிரிக்கவில்லை. அவள் பள்ளியில் படித்தபோது ஒரு நகைச்சுவைத் தொடரில் ஆசியக் கடைக்காரன் ஒருவன் நாற்காலியைக் கண்டாலும் குனிந்து கும்பிடுவான். மறுநாள் வகுப்பே கண்களை விரலால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு அவள் முன்னால் குனியும். அந்தப் புத்தாண்டில் அவள் அப்பாவை வணங்க மறுத்தாள். யாரோ எழுதிய கோமாளிக்கு அஞ்சிப் பெற்றவரின் மரியாதையை நிறுத்திய பிள்ளை, அவர்களுடைய சோக் வம்சத்தில் அதற்குமுன் இருந்ததில்லை.

"ஒரு தடவைதான் பண்ணுவேன் சார்."

"உனக்குப் பதிலா நடிக்க வெளியில இன்னொரு பொண்ணு காத்திருக்கா, ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார்."

கேமரா ஓடியது. ஒருமுறை வணங்கி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "இன்னொண்ணு!" என்று கத்தினார் கிரெய்க். அவள் அசையவில்லை.

"சரி, நீ கிளம்பு. அவளை வரச் சொல்லுங்க."

போமி என்ற அந்தப் பெண் பட்டுடையின் நாடாவை முடிந்துகொண்டே உள்ளே வந்தாள். யுன்சே வாசலில் நின்று பார்த்தாள். போமி மண்டியிட்டாள், வணங்கினாள், ஒருமுறை. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார். எங்கப்பா உயிரோட இருக்காரு, அவ்வளவுதான்."

பியோவின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. "ரெண்டுதான் வேணும்னா வேற பொணத்தைப் பாத்துக்குங்க சார்," என்று மெத்தையிலிருந்து எழுந்துகொண்டார்.

கிரெய்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணே இருந்துட்டுப் போகட்டும். உக்காருங்க."

வேடம் போமிக்கே போயிற்று. யுன்சே வருந்தவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் அடுத்த நடிகர் தேர்வுக்குப் பெயர் கொடுக்க, அங்கிருந்து நேராகத்தான் போனாள்.