பக்கத்து சீட்

எட்டு நாளாக அந்த ஸ்போர்ட்ஸ் கார் என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. இரண்டே சீட், தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும் சிவப்புச் சனியன். தங்கச்சி வீட்டுக்காரர் பழையதாக வாங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் குலுங்கி நின்றுவிடும், கியர் எதிலும் விழாது, ஒரு நிமிஷம் கழித்து ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இப்படி நாலு தடவை. ஒரு தடவை பின்னால் வந்த லாரி ஒரு சாண் இடைவெளியில் பிரேக் போட்டதாம்.

நாலு தடவையும் பக்கத்து சீட்டில் தங்கச்சி. வேறு யாரையும் மாப்பிள்ளை அதில் ஏற்றியதில்லை, சீட் அழுக்காகிவிடுமாம். “இவ ஏறினாத்தான் மக்கர் பண்ணுது. இவ ராசி அப்படி” என்று சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில் வைத்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அவள் ஒரு பையோடு என் மெக்கானிக் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டியில் என்ன கோளாறு என்று தெரியும்வரை திரும்பிப் போகமாட்டாளாம். அன்று மாலையே வண்டியும் வந்து சேர்ந்தது. தங்கச்சியின் குடித்தனம் என் ஸ்பேனர் முனையில் வந்து நின்றது.

ஸ்கேனரை மாட்டினேன். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

“மீட்டர்ல கோளாறு விளக்கு எரிஞ்சா பேட்டரி வயரைக் கழட்டி மாட்டிடுவேன் மச்சான். பளிச்சுன்னு ஆயிடும்.”

“கோளாறோட பதிவும் பளிச்சுன்னு அழிஞ்சிடும் மாப்பிள்ளை!” என்று கத்திவிட்டு வைத்தேன்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே நொடியில் கைவிட்டால் இரண்டும் கெடவில்லை, இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. இது எனக்குத் தெரியும். பேட்டரியில் தொடங்கி, கண்ணில் பட்ட வயரையெல்லாம் ஆட்டினேன், இழுத்தேன். தினமும் இரண்டு வேளை ஓட்டினேன். சனியன் நல்ல பிள்ளை மாதிரி ஓடியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் வண்டியை எடுக்கத் தோன்றியது. தனியாகத்தான் ஓட்டுவேன். பக்கத்தில் ஆள் இருந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் வண்டிச் சத்தம் காதில் விழாது. இருபது வருஷப் பழக்கம்.

ஒன்பதாம் நாள் காலை தங்கச்சி வந்து கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“இறங்கு. ராசியாவது மண்ணாங்கட்டியாவது. உன்னை ஏத்திப் பார்த்தா அந்த ஆள் பேச்சை நானும் நம்பின மாதிரி ஆயிடும்.”

“நோயாளியை வீட்ல விட்டுட்டு நீ மட்டும் டாக்டர்கிட்ட போவியா? எடுண்ணா.”

எடுத்தேன். ரயில்வே கேட் மேட்டில் ஏறி இறங்கியதும் ஒரு குலுக்கல். இன்ஜின் செத்தது, கியர் செத்தது. பின்னால் ஹாரன் அலறியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். பயந்தவளைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் பொங்கியது, வெட்கக்கேடு.

ஓரமாகத் தள்ளி நிறுத்தி, “கொஞ்சம் இறங்கும்மா” என்றேன். இறங்கினாள். ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஏறச் சொல்லிக் குலுக்கினேன், நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது.

“அப்ப அவர் சொன்னது நிஜமாண்ணா?”

சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் சேர்த்துப் போகும் எர்த் வயர் கார்பெட்டுக்குக் கீழே இருந்தது. எப்போதோ சீட்டைக் கழற்றி மாட்டிய எவனோ அதை இரும்புச் சட்டத்துக்கு அடியில் வைத்து நசுக்கியிருக்கிறான். ஆள் உட்கார்ந்து வண்டி குலுங்கினால் அறுந்த கம்பிகள் விலகிவிடும். யார் உட்கார்ந்தாலும்தான். ராசி என்ற சொல்லைக் கேட்டு வந்த கோபத்தில், பக்கத்தில் ஆள் ஏறினால்தான் நிற்கிறது என்று அதற்குள் இருந்த தகவலையும் சேர்த்து வீசியிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவளிடம் சொல்லிவிட்டு, “பத்து நிமிஷ வேலை” என்றேன்.

“இப்ப சரி பண்ணாதே. அவரை வரச் சொல்லு.”

வந்தார். வயரைக் காட்டினேன். “பாத்தீங்களா மச்சான், கடைசியில இவ உக்காந்ததுதான் காரணம்” என்று சிரித்தார். எனக்குக் கை பரபரத்தது. தங்கச்சி சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தாள். “ஏறுங்க” என்றாள்.

பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் காலி மைதானத்தில் விரட்டினாள். மேடு பள்ளத்தில் வண்டி துள்ளியது. எதிர்ச் சுவருக்குப் பத்தடி இருக்கும்போது இன்ஜின் செத்தது. உருண்டுபோய், சுவரை இடிக்காமல் நின்றது. மாப்பிள்ளை கதவைத் திறந்து வெளியே வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

“சீக்கிரம் சரி பண்ணுங்க மச்சான்” என்றார்.

தங்கச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“எனக்கு நாலு தடவை ஆச்சு. உங்களுக்கு இன்னும் மூணு பாக்கி. ஏறுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.