கம்ப்யூட்டருக்கு மூன்று தண்ணீர்

1991 பங்குனியில் ஒரகடம் சாலை ஊசிக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அம்மை வார்த்தது. முதல் முத்து திரைக்குக் கீழே, பொத்தானுக்குப் பக்கத்தில் கிளம்பியது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பெட்டி முழுக்கப் பரவி, எழுத்துக் கட்டைகளின் இடுக்கில்கூட நீர் கோத்த கொப்புளங்கள் நின்றன. அந்த வருஷம் வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது, நுங்கு விலை ஏறியிருந்தது, பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் பாதி வாசல்களில் வேப்பிலை தொங்கியது. ஊரே வாங்கிக்கொண்டபோது கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை என்று பிற்பாடு பேசினவர்கள் உண்டு. அன்றைக்கு அதைப் பார்த்ததும் யாரிடமிருந்து ஒட்டியது என்று தெரிந்தவள் ஒருத்திதான். நகரும் பெல்ட்டில் ஊசி பொருத்தும் சந்திரம்மாள்.

கம்பெனி செய்தது ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ஊசி. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிக் குழாயையும் ஊசியையும் தட்டில் போட்டுக் கொதிக்க வைத்து, வார்டு முழுக்க அதையே குத்திக்கொண்டிருந்தார்கள். முனை மழுங்கிய ஊசியால் குத்துப்பட்டுப் புட்டத்தில் கட்டி கட்டாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் புத்தம் புது ஊசியை உறையைக் கிழித்து எடுப்பது பெரிய விஷயம், அதைத் தன் கையால் செய்கிறோம் என்பதில் சந்திரம்மாளுக்குப் பெருமை இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் வெள்ளைக் கோட்டும் குல்லாயும் வாய்த்துணியும் போட்டுக்கொள்வார்கள், வெளியே தெரிவது கண் மட்டும்தான். பெல்ட்டின் வேகத்தை சூப்பர்வைசர் பலராமன் ஒரு பிடியைத் திருகி வைப்பார். அவருக்குத் தலைவலி என்றால் பெல்ட் மெதுவாகப் போகும். யார் வீட்டிலாவது அம்மை என்றால், மூணாவது தண்ணி ஊத்திட்டு வாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்.

பொங்கல் கழிந்து கம்ப்யூட்டர் வந்தது. அதற்காகவே ஏசி போட்டு, கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை கட்டினார்கள். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டித்தான் அதை முதலில் ஓட்டினார்கள். கொண்டுவந்தவர் மேனேஜர் தோத்தாத்ரி. ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம், அதை அண்ணனிடம் விட்டுவிட்டு இன்ஜினியரிங் படித்தவர். அந்தப் பெட்டியை அவர் மனதார நம்பினார், அதில் கள்ளம் இல்லை. பெல்ட்டின் வேகம் இனிமேல் கம்ப்யூட்டர் பொறுப்பு. வருகைப் பதிவும் அதன் பொறுப்பு. காலையில் ஒவ்வொருத்தியும் உள்ளே போய்த் தன் நம்பரைத் தன் விரலாலேயே அழுத்தினால்தான் பெல்ட் அவளை ஏற்றுக்கொள்ளும். பொய் சொல்லக் கூடாது, உற்பத்தி ஏறத்தான் செய்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிகளுக்கு ஊசி மூட்டை மூட்டையாகப் போயிற்று. ஆனால் காய்ச்சல் என்றால் என்ன, பிள்ளைப்பேறு என்றால் என்ன, அம்மை என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் நம்பர் அழுத்தாவிட்டால் அந்த நம்பரை அது தூக்கிவிடும். திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலிலிருந்து என்றால், இன்னும் ஒரு முழு வருஷம் கேட்டில் நிற்பது. நிரந்தரம் ஆகாதவர்கள் தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு விரல் நீளும், நீ வா, நீ வா, நீ போ என்று. அந்த விரலுக்கு முன்னால் நிற்பது சந்திரம்மாளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இடைவெளி விடாமல் ஒரு வருஷம் வேலை பார்த்தால் நிரந்தரம். அப்புறம் யார் விரலையும் பார்க்காமல் நேரே உள்ளே போகலாம். அவளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி, அந்தச் சமயம் பார்த்துக் காய்ச்சல் வந்து, விடிந்தபோது வயிற்றில் முத்து போட்டிருந்தது. அவள் புருஷன் கோபால் லாரியில் லோடு ஏற்றுகிறவன், சண்டை போடத் தெரியாதவன். அம்மை போட்டுகினு எங்க கிளம்புற, ஆத்தா கோச்சுக்குவா என்று வழியை மறித்தான். எம் பொழப்பு இன்னான்னு ஆத்தாவுக்குத் தெரியும் என்று அவனை விலக்கிவிட்டுப் போனாள். கோட்டு, குல்லாய், வாய்த்துணி எல்லாம் மாட்டியபின் கண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. செய்யக் கூடாததுதான், அதில் அவளுக்கே இரண்டு எண்ணம் கிடையாது. அம்மையோடுதான் போய்த் தன் நம்பரை அழுத்தினாள்.

பெல்ட்டுக்கு முதலில் நடுக்கம் கண்டது, பிறகு தறிகெட்டு ஓடியது. மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியரை வரவழைத்தார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரால் ஒரு கொப்புளத்தைக் குத்திப் பார்த்தார், விரலில் நீர் தெறித்தது, தாம்பரம் தாண்டுவதற்குள் அவருக்குக் காய்ச்சல், அப்புறம் அவர் வரவேயில்லை. கம்பெனிக்கு வந்து போகிற டாக்டர் அம்ருதவல்லி அன்றைக்கு முறை நாள் என்பதால் இருந்தார். ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, சின்னம்மைதான், சந்தேகமில்லை, வெளிச்சம் குறைந்த அறையும் ஓய்வும் வேண்டும் என்றார். அப்போது சந்திரம்மாள் முன்னால் வந்து வாய்த்துணியை இறக்கினாள். எங்கிட்டயிருந்துதாம்மா ஒட்டிச்சு என்றாள்.

டாக்டர் அவளை நன்றாகவே திட்டினார். இந்த ஊசி நோயாளி உடம்பில் ஏறுகிறது என்று நினைத்துப் பார்த்தாயா என்று கேட்டார். சந்திரம்மாள் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்குச் செய்த ஊசிகளையெல்லாம் குழியில் போட்டு மூடினார்கள். திட்டி முடித்த டாக்டர் தோத்தாத்ரியின் பக்கம் திரும்பி, இவ்வளவு முத்தோடு இவள் ஏன் வேலைக்கு வந்தாள் என்று கேட்டார். ரூல் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார் அவர். அதைச் சொன்ன பிறகு அவர் முகம் சரியாக இல்லை என்று பலராமன் சொல்லுவார்.

இருந்தாலும் மேனேஜர் மேனேஜர்தான். சந்திரம்மாளை வீட்டுக்கு அனுப்பி அவள் நம்பரைத் தூக்க வேண்டும், பெட்டியைத் துடைத்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதைக் கேட்டதும் சந்திரம்மாளுக்குள் இருந்த குற்ற உணர்ச்சி எங்கே போயிற்றோ தெரியவில்லை, கோபம் மட்டும் மிச்சம் நின்றது. வேலியோர வேப்ப மரத்தில் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு நேரே ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இழுத்து வெளியே போடச் சொல்லி வாட்ச்மேன் முனிரத்தினத்தை அனுப்பினார்கள். எனக்கு இன்னும் அம்மை வார்க்கல சார் என்று அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்து அனுப்ப ஆள் தேடினால், ஒவ்வொருத்தராக அதையே சொன்னார்கள். தோத்தாத்ரிக்கும் வார்த்ததில்லை, ஆகையால் அவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"நீ ஆத்துக்குப் போம்மா. போகலேன்னா உன் பேரை எடுத்துடுவேன்."

"எடுங்க சார். எடுக்கறதுக்கு அது எழுந்து உக்காரணுமில்ல. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் அதும்மேல கை வெக்கக் கூடாது. எம்மேலயுந்தான்."

அவள் அங்கேயே படுத்தாள். சின்ன வயசிலேயே அம்மை வார்த்துத் தேறிய ஷெர்லின், பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்து இடத்துக்காரி, கூழும் இளநீரும் கொண்டுவந்தாள். ஷெர்லின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள், அம்மை என்றால் மட்டும் சிலுவைக்குக் கீழே வேப்பிலை சொருகுவார்கள், பாதிரியாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால் கேன்டீனில் தாளிப்பை நிறுத்தினார்கள். வெறும் பருப்புத் தண்ணீரை எத்தனை வேளை குடிப்பது என்று முணுமுணுத்தவர்களை பலராமன் ஒரு பார்வையில் அடக்கினார். ஏசிக் குளிரில் சந்திரம்மாளுக்குப் பல் கிட்டித்தது. பெட்டிக்கோ அனல் பறந்தது. திரையில் பச்சை எழுத்துகள் தம்பாட்டுக்குப் பிதற்றிக்கொண்டிருந்தன. தன் மேல் தடவிய வேப்பிலையாலேயே அவள் அதையும் தடவிக் கொடுத்து, இன்னா, ரொம்ப எரியுதா என்று கேட்டாள். இத்தனை நாள் அதை மனசுக்குள் திட்டாத திட்டு கிடையாது. இப்போது அதன் மேல் இரக்கம் வந்தது, அதைத் தொடர்ந்து தன் மேலும் வந்தது, இரண்டாவது அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கூழைக் குடித்தாள்.

ஊசி எங்கே என்று ஆஸ்பத்திரிகள் கேட்கத் தொடங்கின. தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். தோத்தாத்ரி பொறுத்துப் பார்த்துவிட்டு மெயின் ஸ்விட்ச் வழியாக மின்சாரத்தைக் கூட்டிப் பெல்ட்டை ஓட்டப் பார்த்தார். பெல்ட் முக்கி முனகி ஒரு முழம் நகர்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் வேலையிடத்தை விட்டே எழுந்துவிட்டார்கள். சந்திரம்மாள் கண்ணாடியைத் தட்டினாள்.

"அணைங்க சார். காய்ச்சலோட வேல வாங்காதீங்க. என்னாண்ட வாங்கனது போதும்."

அவர் அணைத்தார். தன் அறைக்குப் போய், மணி அடிக்காதபடி போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

முத்துகள் உள்வாங்கி, முதல் தண்ணீருக்கு நாள் வந்தது. முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய வைத்தார்கள். அம்மா, அது லட்சக்கணக்கில் பெறும், தண்ணி பட்டா ஷார்ட் ஆயிடும் என்று தோத்தாத்ரி கண்ணாடிக்கு வெளியே நின்று கெஞ்சினார், அதட்டினார், மறுபடி கெஞ்சினார். ஆச்சுன்னா நானே கேட்டத் தாண்டிப் போயிடறேன், திரும்பி வந்து உங்க வரிசையில நிக்க மாட்டேன் என்றாள் சந்திரம்மாள். சொல்லிவிட்டுச் சொம்பை எடுத்தாள். ஒரு வருஷத்து உழைப்பு, நிரந்தரம், எல்லாம் அந்தச் சொம்புக்குள்தான் இருந்தது. முதலில் தன் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். அடுத்த சொம்பைக் கம்ப்யூட்டரின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே இறங்கி, பிளாப்பி செருகும் வாய் வழியாக மஞ்சளாக வெளியே வந்தது. புகை வரவில்லை. பெட்டியின் பொருக்குகள் உதிர்ந்து தரையில் கிடந்தன, ஷெர்லின் கூட்டி அள்ளினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டாம் தண்ணீரும் மூன்றாம் தண்ணீரும் ஊற்றினார்கள், அதற்கெல்லாம் யாரும் கெஞ்சவில்லை.

மூன்றாம் தண்ணீர் வடிந்ததும் கம்ப்யூட்டர் தானாக விழித்தது. பொங்கலுக்குப் பிறகு அது தூக்கியிருந்த நம்பர்கள் எல்லாம், பிரசவத்துக்குப் போனவள், டைபாய்டில் விழுந்தவள், மாமியாருக்குக் கொள்ளி வைக்கிற வரை ஊரில் இருந்தவள் எல்லாரும், வருகையில் இடைவெளி இல்லாமல் திரையில் வந்து நின்றார்கள். சந்திரம்மாள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று காட்டியது. அது உண்மையும்தான், அவள் கம்பெனிக்குள்ளேயேதானே கிடந்தாள். தோத்தாத்ரி அவள் நம்பரை அழித்தார். அது திரும்ப வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, பெல்ட்டை ஓட்டுங்கோ என்றார். பெல்ட் நகரவில்லை. சந்திரம்மாள் கோட்டும் குல்லாயும் மாட்டி வந்து தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் நகர்ந்தது, அதுவும் நோயிலிருந்து எழுந்த ஆள் நடப்பதைப் போல மெதுவாக. வேகத்தைக் கூட்டச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை.

சித்திரை முடிவில் அவள் நிரந்தரமானாள். முதல் நாள் கேட்டில் நின்றிருந்த வரிசையை அவள் தாண்டி உள்ளே போகவில்லை. வரிசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, விரல் நீட்ட வந்தவரைப் பார்த்து, கைய உள்ள வெச்சிக்கங்க சார், பேரு சொல்லிக் கூப்பிடுங்க, எல்லாருக்கும் பேரு கீது என்றாள். அன்றையிலிருந்து பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெல்ட்டில் யாருக்காவது காய்ச்சல் வரப்போகிறது என்றால் அந்தப் பெண்ணுக்கே தெரிவதற்கு முன்னால் பெல்ட் தணிந்துவிடும், டாக்டர் அம்ருதவல்லி அதைப் பார்த்தே மாத்திரையோடு வந்துவிடுவார். தலைமை அலுவலகம் முதலில் குதித்தது. ஆறு மாதம் கழித்து வளைந்த ஊசிகள் குறைந்து, கணக்கில் உற்பத்தி கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. பங்குனியில் கம்ப்யூட்டருக்கு விடுமுறை என்று காலண்டரிலேயே அச்சடித்தார்கள்.

நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை மாற்றினார்கள். ஒரகடம் சாலையில் கம்பெனிகள் பெருகி, வயலெல்லாம் கூரை ஆன காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் தைவானிலிருந்தும் பெட்டிகள் கப்பலில் வந்தன. அட்டையைப் பிரித்தால் ஒவ்வொன்றின் முகத்திலும் அம்மைத் தழும்பு இருக்கும். பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது சந்திரம்மாளின் வேலை ஆயிற்று. ஒரு தடவை மட்டும், தோத்தாத்ரி ரிட்டையர் ஆகிப் புது மேனேஜர் வந்த வருஷம், ஒரு தழும்புகூட இல்லாமல் வழவழவென்று ஒன்று வந்தது. அவள் அதைச் சுற்றிவந்து தடவிப் பார்த்துவிட்டு, இது நம்முளுது இல்ல சார் என்றாள். புது மேனேஜர் பலராமனைப் பார்த்தார், பலராமன் ஆமாம் என்று தலையாட்டினார், பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள்.