ஐம்பது எம்.எம்.மும் ஒரு மீன்கூடையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு தெரிந்தால் கோபித்துக்கொள்வீர்கள். இந்தக் கதையை நான் எழுத ஆரம்பித்தது ஒரு லென்ஸை விற்பதற்காக. எண்பத்தைந்து எம்.எம்., ஒன்று புள்ளி எட்டு. கண்ணாடியில் கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. மச்சான் கல்யாணத்துக்காக வாங்கியது. படங்களைப் பார்த்த மச்சான் மனைவி, வளைகாப்புக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அது பீரோவில் தூங்குகிறது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் ‘உள்ளரங்க ஆட்டத்துக்கு எந்த லென்ஸ்?’ என்று கட்டுரை கேட்டார்கள். கட்டுரையின் முடிவு எண்பத்தைந்து என்று வந்துவிட்டால், படித்தவர்களில் ஒருவராவது... புரிந்திருக்கும். எங்கள் அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் ஜவுளிக்கடை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்கு ஒரு விலை, மாசக் கடைசியில் வரும் வாத்தியாருக்கு ஒரு விலை என்று கேட்டு வளர்ந்தவன் நான். வந்தவர் தேடுவது நம்மிடம்தான் இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தால் வியாபாரம் முடிந்தது. கதையும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

“உள்ளரங்கின் மங்கிய வெளிச்சத்தில் அஞ்சலாட்சி தன் கனவை...” (அடித்தாயிற்று. கனவைக் கூப்பிட்டால் பின்னாலேயே ஏழ்மையும் வந்து நிற்கும்.)

“ஒளியால் எழுதப்படும் கவிதையே புகைப்படம் என்று...” (இப்படிப் பேசுகிறவனிடம் நானே லென்ஸ் வாங்க மாட்டேன்.)

“அஞ்சலாட்சி கடைக்குள் வந்தபோது ஜானகிராமன் என் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.” இது நிற்கட்டும். நடந்ததே இதுதான்.

ஜானகிராமன் பழைய கேமரா வாங்கி விற்பவர். அவர் கடையில்தான் என் எண்பத்தைந்தை விற்கக் கொடுத்திருந்தேன். அஞ்சலாட்சி குருசுக்குப்பம். வாரம் பூராவும் ஒரு ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் எடுப்பாள், ஞாயிறானால் கபடி எடுப்பாள். அம்மா செல்வாம்பாள் மீன் விற்கிறவர்.*

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. கரையில் ஏலம் தொடங்குமுன் பெண்கள் வெறுங்கூடையைக் கவிழ்த்துவைத்து இடம் பிடிப்பார்கள். ஆள் டீ குடிக்கப் போயிருந்தாலும் கூடைதான் ஆள். அதை யாரும் நகர்த்துவதில்லை. இப்போது எதற்கு இது என்று கேட்காதீர்கள். தேவைப்படும் சரக்கை முன்கூட்டியே கைக்கெட்டும் இடத்தில் வைப்பது கடைக்காரப் புத்தி.

3

போன வருஷம் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். (எந்த அரங்கம் என்று தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நான் கட்டியது. கூரைகூட நன்றாக அமைந்தது, விளக்குதான் போதவில்லை.) கடைசி ரைடில் குருசுக்குப்பத்து ரஞ்சிதம் எதிரணிக்காரியின் தோளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினாள். தொடவில்லை என்றார் நடுவர். ஒரு புள்ளியில் தோல்வி.

மாடியிலிருந்து அஞ்சலாட்சி அந்த நொடியை எடுத்திருந்தாள். அணியே அவள் கேமராவைச் சூழ்ந்துகொண்டது. திரையில் ரஞ்சிதத்தின் முகம் இருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை இருந்தது.

குற்றம் கேமராவோடு வந்த ஜூம் லென்ஸுடையது. நீட்டினால் அதன் துளை ஐந்து புள்ளி ஆறுக்குச் சுருங்கிவிடும். அந்த வெளிச்சத்துக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்துவைத்தால்தான் படம் விழும். கபடிக் கை அதற்குள் போய்த் தொட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பிவிடும். எண் குறையக் குறையத் துளை பெரிது. ஒன்று புள்ளி எட்டு என்றால் ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சம், ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், நகப்பூச்சுகூட அசையாமல் நிற்கும். பிளாஷ் போடலாமே என்பீர்கள். ரைடு போகிறவள் கண்ணில் அடித்துப் பாருங்கள், பிளாஷோடு உங்களையும் வெளியே வைப்பார்கள். ஆகவே ஜூம் வேண்டாம், ஒரே தூரம் பார்க்கிற வாயகன்ற லென்ஸ்தான் வேண்டும்.

இதுவரை கட்டுரை. இதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு எந்தத் தூரம் என்பதில்.

4

மாடியிலிருந்து களம் பதினெட்டு மீட்டர். அதற்கு எண்பத்தைந்துதான் சரி. ஐம்பதில் ரஞ்சிதம் எறும்பு. இதை நான் வியாபாரியாகச் சொல்லவில்லை. (வியாபாரியாகவும் சொன்னேன்.)

அஞ்சலாட்சி என் எண்பத்தைந்தையும் ஜானகிராமன் விற்க வைத்திருந்த, அதே ஒன்று புள்ளி எட்டு உள்ள ஐம்பதையும் மாற்றி மாற்றி மாட்டி, தெருவில் போகும் சைக்கிள்களை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஜானகிராமனைக் கேட்டாள்.

“கீழ, கோட்டுக்குப் பக்கத்துல உக்காந்தா எதுண்ணே?”

அவர் ஐம்பது என்றார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தது ஒரு நொடி தாமதம். என்னுடையதும் ஜூம் லென்ஸ் புத்திதான்.

உன்னைக் கீழே உட்கார விடமாட்டார்களே என்றேன். பொய்யில்லை. போட்டி அமைப்பாளர் ஹரிகிருஷ்ணன், ரெட்டியார்பாளையத்துக்காரர், ஒரு விதி வைத்திருந்தார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குக் கோட்டோரம் நாற்காலி. மற்றவர்களுக்கு மாடி. அதாவது தூரத்திலிருந்து எடுக்கத் தெம்புள்ளவர்கள் பக்கத்தில். பக்கத்தில் வந்தால்தான் எடுக்க முடியும் என்கிறவர்கள் தூரத்தில். நான் கற்பித்த விதி இல்லை இது. எனக்கு அவ்வளவு கற்பனை வராது.

அவள் என் லென்ஸைக் கழற்றி, மூடி போட்டு, என் பக்கமாகத் தள்ளினாள்.

“இத வாங்கினா காலத்துக்கும் மாடிதாண்ணே. அம்பது வாங்கிட்டா மாடியில எனக்கு வேலையே இல்ல. கீழதான் உக்காந்தாவணும்.”

லென்ஸைப் பார்த்து இடம் தேடுவார்கள், இடத்தைப் பார்த்து லென்ஸ் தேடுவார்கள். திரும்பிப்போகும் வழியை அடைப்பதற்காக லென்ஸ் வாங்கிய ஆளை அன்றுதான் பார்த்தேன். ஜவுளியில் இதற்கு ஒப்பாக எதுவும் எனக்கு நினைவு வரவில்லை. பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை வராத வீட்டுக்குப் போகிற மாதிரி என்று வேண்டுமானால்... (பொருந்தவில்லை. விடுங்கள்.)

5

ஆனாலும் பத்திரிகைக்கு எழுதிய பிரதியில் அவளை எண்பத்தைந்தே வாங்க வைத்தேன். பேனா என்னுடையது. மாடியிலிருந்து அவள் எடுத்த துல்லியமான படத்தைப் பார்த்து ஹரிகிருஷ்ணன் எழுந்து நின்று கை தட்டினார். அவள் கண்ணில் நீர். வெளியே மழை.

ஒரு மரியாதைக்கு அதை அவளிடம் காட்டினேன். ஸ்டூடியோவில் நின்றுகொண்டே படித்தாள்.

“இதுல நான் எங்கண்ணே இருக்கேன்?”

“மாடியில.”

“அதாண்ணே கேட்டேன்.”

பிறகு பேரம் நடந்தது. மழையை விட்டுக்கொடுத்தேன். கண்ணீரை இரண்டு சொட்டிலிருந்து ஒன்றாக்கினேன், அதுவும் கூடாது என்றாள். ‘மீன்வாசம் மாறாத விரல்கள்’ என்று ஆசையாக எழுதியிருந்தேன். மீன் விற்பது அம்மா, தன் விரலில் பிரிண்டர் மைதான் இருக்கிறது, வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்று நீட்டினாள். கடைசியில் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தாள். இவ்வளவு மோசமாக நான் எந்த வியாபாரத்திலும் இறங்கிவந்ததில்லை.

6

இந்த வருஷ இறுதி ஆட்டம். நானும் போயிருந்தேன்.

ஐந்து நாற்காலி, ஐந்து நீள லென்ஸ். ஐந்தாவது நாற்காலிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில், தரையில், கவிழ்த்த மீன்கூடை ஒன்று. கூடைக்குச் சொந்தக்காரரான செல்வாம்பாள் முதல் வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலாட்சி டீ குடிக்கப் போயிருந்தாள்.

ஹரிகிருஷ்ணன் தொண்டர்களைக் கூப்பிட்டு அதை எடுக்கச் சொன்னார். அவர் செய்த பிழை இங்கேதான். சம்பளமில்லாமல் உழைப்பார்கள் என்று தொண்டர்களாக அவர் பிடித்திருந்தது கடலோரக் குப்பங்களின் பழைய கபடி ஆட்டக்காரர்களை. ஆறு பேர். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் அவிழாத ஷூ லேஸைக் கட்டினார். முத்துவேல் என்பவர் மட்டும் பதில் சொன்னார்.

“அது கூடை இல்ல சார். ஆளு உக்காந்திருக்கு.”

இதற்குள் அஞ்சலாட்சி வந்து, கூடையை நிமிர்த்தாமல் அதன் பக்கத்திலேயே மண்டியிட்டு, ஐம்பதை மாட்டினாள். நீள லென்ஸ் உண்டா என்று ஹரிகிருஷ்ணன் கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் மாடிக்குப் போ என்றார். மாடிக்குப் போனால் இதில் ஒன்றும் தெரியாது சார் என்று கேமராவை அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வெள்ளைச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே குனிந்தார்.

செல்வாம்பாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “தூக்கு ராசா. காலைலதான் காரப்பொடி மீனு வச்சிருந்தேன். சட்டையப் பாத்துக்க.”

விசில் ஊதிவிட்டார்கள். ரஞ்சிதம் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஐந்து மீட்டர் தூரத்தில் அவள் கை நீண்டு

7

மேலே உள்ள வரியை நான்தான் நிறுத்தினேன். முடிவு என்னிடம் இருக்கிறது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தும் இருக்கிறேன். ஒன்றில் விரல் தோளில் பதிந்த படம் நகக்கண் வரை துல்லியமாக இருக்கிறது. ஒன்றில், ஒன்று புள்ளி எட்டில் நூலளவு ஆழம்தான் கூர்மையாக விழும் என்பதால், அந்தக் கூர்மை ரஞ்சிதத்தின் காதில் விழுந்து, விரல் மறுபடியும் புகையாகிறது. (நடக்கும். கட்டுரையில் எச்சரிக்க மறந்துவிட்டேன்.) மூன்றாவதில் அந்தச் சமயம் பார்த்துக் கூடை...

மூன்றையும் அஞ்சலாட்சியிடம் கொண்டுபோனேன். படிக்கவே இல்லை.

“படம் வந்துச்சின்னு எழுதினா, வந்ததாலதான் அங்க உக்கார உட்டாங்கன்னு ஆயிடும். வரலைன்னு எழுதினா, பாத்தியா அதுக்குத்தான் மாடின்னு சொன்னோம்பாங்க. வந்தாலும் வராட்டியும் அது என் எடம். அத்தோட நிறுத்திக்கோங்க.”

பேரம் பேசிப் பார்த்தேன். ஒரு வரி மட்டும், ஒரு சொல் மட்டும் என்றேன். பக்கத்தில் ஒரு குழந்தை பாஸ்போர்ட் படத்துக்கு அழுதுகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி விளக்கைப் போட்டாள்.

ஆகவே, வாசகரே, படத்தைக் காட்ட மாட்டேன். கேட்டுப் பார்க்காதீர்கள், நான் விலை குறைக்கிற ஆள் இல்லை. என் எண்பத்தைந்து இன்னும் விற்கவில்லை. மாடியில் உட்காரச் சம்மதிப்பவர்கள் ஜானகிராமனை விசாரிக்கலாம், அருமையான சரக்கு.

ஹரிகிருஷ்ணன் குனிந்தபடியே நிற்கிறார். கையைக் கூடைக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவைத்திருக்கிறேன். அதற்கு மேல் கொண்டுபோகிற வரியை நான் எழுத மாட்டேன். வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே களத்தில் இறங்கி, செல்வாம்பாள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூடையைத் தூக்குங்கள்.