அப்பாவின் இனிஷியல்

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த அலுவலகத்திலும் கைகட்டி நின்றதில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் போட்ட கோட்டை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. அப்படிப்பட்ட என்னைக் குடியுரிமைப் பதிவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி அப்பாவின் பழைய காகிதத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இவர்தான் உங்க அப்பான்னு எப்படி நம்புறது?"

வேறு இடமாக இருந்தால் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். பக்கத்தில் மருமகள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெற்றோர் இந்த நாட்டில் குடியிருந்ததற்கு எல்லோரும் காகிதம் காட்ட வேண்டும், காட்டாதவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும் என்று புதுச் சட்டம். பெயர் போனால் ஓய்வூதியம் போகும், வீடும் நிச்சயமில்லை. அந்தச் சட்டத்துக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். "நேத்து வந்தவங்க எல்லாம் காகிதத்தைக் காட்டட்டுமே, நமக்கென்ன?" என்று குடியிருப்போர் சங்கத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசியவன்.

கோளாறு இதுதான். நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் நான் அப்பா பெயரை எழுதினேன். அப்பா தன் காலத்தில் தாத்தா பெயரை எழுதியிருந்தார். கணினியைப் பொறுத்தவரை அவர் வேறு குடும்பம், நான் வேறு குடும்பம்.

"எங்கேருந்து வந்தீங்க?" அதிகாரி என் முகத்தையும் கையின் நிறத்தையும் பார்த்தபடி கேட்டார்.

"எட்டாவது தெருலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கம்மா வயித்துல இருந்தேன்."

மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். முப்பது நாளுக்குள் பிறப்புப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் பிறந்த மருத்துவமனையின் பதிவறைக்கு இரண்டு முறை போனோம். எழுத்தர் என் குடும்பப் பெயரைத் தேடிப் பார்த்து இல்லை என்றார். மூன்றாம் முறை ஜன்னலில் வேறொரு பெண்மணி இருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது. போன வருடம் எங்கள் கட்டடத்தில் காலியாக இருந்த வீட்டைக் கேட்டு வந்தவர். வெளிநாட்டுக்காரர், எங்களைவிடக் கறுப்பு. 'சமையல் வாசனை படிக்கட்டெல்லாம் வரும்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியது நான். அவர் என்ன சமைப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். இன்னும் ஆறே நாள்தான் இருந்தது.

"சொல்லுங்க மாமா," என்றார்.

எந்த வீட்டு மருமகளிடம் தமிழ் கற்றாரோ, வயதானவர் யாரானாலும் அவருக்கு மாமாதான் போலிருக்கிறது. வரிசையே சிரித்தது. "எனக்கு ஓரகத்தி கிடைச்சாச்சு," என்று என் மருமகள் காதோரம் முணுமுணுத்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்க அப்பாவோட அப்பா பேரு?"

சொன்னேன். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் கழித்துப் புருவமெல்லாம் தூசியோடு வந்தார். தாத்தா பெயருக்குக் கீழே என் பிறப்பு இருந்தது. அம்மாவின் பெயர், வீட்டு எண், ஆண் குழந்தை, ஆறே கால் பவுண்டு. அடியில் அப்பாவின் கையெழுத்து. எழுபத்திரண்டு வருடத்து மை. அதைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எங்க ஊர்லயும் அப்பா பேரைத்தான் பின்னாடி போடுவோம். எனக்கு எங்கப்பா பேரு, என் மகளுக்கு அவ அப்பா பேரு. நான் அவளைக் கடத்திட்டு வந்தேன்னு ஏர்போர்ட்ல நாலு மணி நேரம் உக்கார வெச்சாங்க."

நகலோடு, நம் பெயர் வழக்கத்தை விளக்கி மருத்துவமனைத் தாளில் ஒரு கடிதமும் தயாரித்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கித் தந்தார். நான் அதைக் கேட்கவில்லை. பதிவு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது. நான் என் அப்பாவுக்கு மகனானேன்.

மறுநாளே தனியாக மருத்துவமனைக்குப் போய் அதே வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன். ஜன்னலில் கைகூப்பினேன். என் வாழ்நாளில் எந்த அலுவலகத்திலும் செய்யாத காரியம்.

"அம்மா, வீடு இல்லைன்னு சொன்னவன் நான்தான். வாசனைன்னு சொன்னது சாக்கு. உங்க நிறத்தைப் பார்த்துதான் சொன்னேன்."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா எனக்காகத் தேடினீங்க?"

"கோவம் இருந்துச்சு. அதான் முதல்ல டீ குடிச்சுட்டு அப்புறம் தேடினேன்." சிரிக்காமல்தான் சொன்னார். "பின்னாடி பதினஞ்சு பேர் நிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டேன். அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் ஒரு கைகூப்பலில் தீராது. என் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அடுத்து நின்றவர் கையிலும் அதே விண்ணப்பம். யார், எங்கிருந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை. "உங்க தாத்தா பேரை முதல்ல சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.