டெல்பர்ட்டின் பாட்டுக்கு ஆடினார்கள்

நோவா லூகா ஊரின் நடன ஹாலில் கைதட்டலை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. பாட்டு பிடித்தால் எழுந்து ஆடுவார்கள், பிடிக்காவிட்டால் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மரியாதையாகக் கைதட்டினார்கள் என்றால் அந்தப் பாடகர் மூட்டை கட்ட வேண்டியதுதான். டெக்சாஸில் எங்கள் பக்கத்து ஹால்கள் எல்லாமே இப்படித்தான். மரத்தரையில் சோளமாவைத் தூவி, கால் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்துவிட்டு, ஜோடி ஜோடியாக ஒரே திசையில் சுற்றி வருவார்கள். அந்தச் சுற்று அறுந்துவிடக் கூடாது. பாட வருகிறவர்களுக்கு வேறு பரீட்சை கிடையாது.

மார்லிஸ் கொபெட்ஸ்கி வருடக்கணக்காக அந்தச் சுற்றை அறாமல் வைத்திருந்தவள். சேற்றில் மாட்டிய டிராக்டர், கல்யாணத்தை மறந்து மீன் பிடிக்கப் போன மாப்பிள்ளை, மாமியார் போட்ட ஊறுகாய் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு கேலியையும் துள்ளலையும் வைத்துப் பாட்டாக்கிவிடுவாள். அவள் புருஷன் டெல்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசிப்பான். அவனுடைய அண்ணன் எர்வினுக்கு டிரம்ஸ். குடும்பமே கும்மாளம்தான் என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

பிறகு டெல்பர்ட்டுக்கு வயிற்றில் நோய் கண்டது. கண்ட அந்தக் கோடையிலேயே போய்விட்டான். மார்லிஸ் அழுததை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆல்பம் போட்டாள். அத்தனை பாட்டும் மெதுவான பாட்டு, அத்தனையும் அவனைப் பற்றி. கடைசிப் பாட்டில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "விளக்கை அணைச்சிடு, எனக்கு வழி தெரியும்." பாட்டுக் கம்பெனிகளின் ஊரான நாஷ்வில்லின் பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எங்கள் பக்கத்தில்தான் ஒருவரும் ஆடவில்லை. முதல் வருடம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த வருடம், அவள் பாட ஆரம்பித்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

இந்த வருடம் சர்ச் பிக்னிக்குக்கு அவளைக் கூப்பிட்டது வில்லர்ட் ஸ்வோபோதா. பிக்னிக் கமிட்டியின் தலைவர் அவர். நல்ல மனுஷர், ஆனால் எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "கமிட்டியில பாதிப் பேரு நீ வரணும்ங்கிறாங்கம்மா. மீதிப் பேரு, அழுறதுக்குத்தான் சர்ச் இருக்கே, ஹாலு எதுக்குன்னு கேக்குறாங்க. நீ என்ன சொல்ற?" என்று போனில் கேட்டார். ஆட வைக்கிறேன் என்றாள் மார்லிஸ்.

அவள் அப்படிச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ஹால் கமிட்டிக்காரர்கள் ஒருவர் பிக்னிக்கில் மற்றவர் போய் ஸ்டூ சாப்பிடுகிறவர்கள். நோவா லூகாவில் அன்று சாயங்காலம் தரை நிறைந்தால் அடுத்த வாரமே நாலு ஊரிலிருந்து போன் வரும். நிறையாவிட்டால் அதோடு சரி, இனி எந்த ஹாலும் கூப்பிடாது, அவளுடைய வாத்தியக் குழுவும் கலைந்துவிடும். எர்வின் ஏற்கெனவே தீவனக் கடையில் வேலை இருக்கிறதா என்று நாசூக்காக விசாரித்து வைத்திருந்தான். அது மார்லிஸுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்குப் பயம் வரவில்லை. வர வேண்டும் என்று காத்துக்கூடப் பார்த்தாள்.

நாஷ்வில்லில் இருக்கிற அவளுடைய மேனேஜர் ராண்டலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பழைய மார்லிஸ் திரும்பி வருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். பாட்டு எழுத இரண்டு இளைஞர்களையும் பிடித்துக் கொடுத்தான். அந்த ஊரில் பாட்டு எழுதுவது பல் டாக்டரிடம் போவதைப் போல, நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். காலையில் பத்து மணிக்கு ஒரு சோபா போட்ட அறைக்குள் போனால், மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு பாட்டு வெளியே வந்துவிடும். பையன்கள் போனில் ஒரு தாளத்தைத் தட்டி ஓடவிடுவார்கள். அதன்மேல் மார்லிஸ் வரிகளைப் போடுவாள். மாமியாரின் சேவல் பிக்கப் வண்டியில் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிற பாட்டு அப்படித்தான் வந்தது. பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உருளைக்கிழங்கு உரிக்கிறவள் கையைப் பார்க்காமலே உரிப்பதில்லையா, அப்படி அவள் நகைச்சுவையை உரித்துப் போட்டாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எங்கே சிரிப்பார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு தப்பு நடந்தது. அது சோபாவில் உட்கார்ந்திருந்ததால் நடந்த தப்பு. பாட்டு முழுக்க அந்த அறையில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே எழுதி முடித்துவிட்டார்கள். டெல்பர்ட் இருந்த காலத்தில் ஒரு பாட்டு உருவானதும் அவன் சமையலறை நாற்காலிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றுவான். கால் எங்கே இடறுகிறதோ அங்கே பாட்டைத் திருத்துவார்கள். அந்தச் சோதனை இந்தப் பாட்டுகளுக்கு நடக்கவே இல்லை. ஒத்திகையில் எர்வினுக்கு லேசாகப் பொறி தட்டியது. வேகம் எங்கேயோ இடிக்கிறதே என்று நினைத்தான். சொன்னால் அவள் திரும்பவும் மெதுவான பாட்டுகளுக்கே போய்விடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டான்.

பிக்னிக் ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். பூசை முடிந்து, சாசேஜும் ஸ்டூவும் முடிந்து, ஏலத்தில் பன்றிக்குட்டியும் கேக்குகளும் போன பிறகு, ஜனங்கள் ஹாலுக்குள் வந்து சேர்ந்தார்கள். யாரோ மார்லிஸ் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள். சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ராண்டல் விமானம் ஏறி வந்திருந்தான். புது பூட்ஸோடு பின்சுவர் ஓரம் போனைக் கையில் பிடித்தபடி நின்றான்.

முதலில் எல்லோருக்கும் பழகிய இரண்டு வால்ட்ஸ் நடன மெட்டுகளை வாசித்தார்கள். அவற்றுக்கு யார் வாசித்தாலும் ஆடுவார்கள், அது கணக்கில் சேராது. அப்புறம் மார்லிஸ் மைக் பக்கம் குனிந்து, மாமியார் யாராவது இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்றாள். ஹால் சிரித்தது. சேவல் பாட்டு ஆரம்பமானது.

ஜோடிகள் கிளம்பினார்கள். நாலு அடி வைத்ததும் தடுமாற்றம் வந்துவிட்டது. நிதானமாக அடி வைக்கிற டூ ஸ்டெப் ஆட்டத்துக்கு இந்தப் பாட்டு வேகம் அதிகம், துள்ளி ஓடுகிற போல்கா ஆட்டத்துக்கு வேகம் குறைவு. பாதிப் பேர் ஒன்றை ஆட, பாதிப் பேர் மற்றதை ஆட, முன்னால் போகிறவர் முதுகில் பின்னால் வருகிறவர் இடித்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு ஜோடியாக ஓரம் ஒதுங்கியது. பாட்டின் வரிகளுக்கு நன்றாகத்தான் சிரித்தார்கள், ஆனால் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள். இரண்டாம் சரணத்தில் தரையில் மிச்சம் இருந்தது சோளமாவில் வழுக்கி விளையாடிய இரண்டு சின்னப் பெண்கள்தான். பாட்டு முடிந்ததும் மரியாதையான கைதட்டல் வந்தது. வில்லர்ட் தன் பீர் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்ததும் அதே பையன்களின் போனில் பிறந்த பாட்டுதான். அதற்கு ஒருவரும் எழுந்திருக்கவே இல்லை.

பிடில்காரர் மார்லிஸைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தோன்றவில்லை அவளுக்கு. வண்டியில் பெட்டிகளை எந்த வரிசையில் ஏற்றினால் சீக்கிரம் கிளம்பலாம் என்றுதான் மனசு போனது. எர்வினால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. யாரையும் கேட்காமல் போல்கா தாளத்தைப் பிடித்து விளாசினான். அக்கார்டியனும் பிடிலும் ஒட்டிக்கொண்டன. பழைய பாட்டு எதையாவது, அந்த டிராக்டரையோ ஊறுகாயையோ, அவள் எடுத்துவிடுவாள் என்று நம்பினான்.

மார்லிஸ் வாயைத் திறந்தாள். இரண்டு வருடமாக வாய்க்குப் பழகியது எதுவோ அது வந்தது. டெல்பர்ட்டின் பாட்டு, ஆஸ்பத்திரிப் பாட்டு, ஓட்டமாக ஓடும் போல்கா வேகத்தில்.

எர்வின் கை ஒரு கணம் பின்வாங்கியது. ஆனால் அதற்குள் ஜனங்கள் எழுந்துவிட்டார்கள். கால் கேட்ட வேகம் கிடைத்துவிட்டது, இனி யார் நிறுத்துவது? நாற்காலிகள் சுவரோரம் நகர்ந்தன. வில்லர்ட் தன் மனைவியை இழுத்துக்கொண்டு இறங்கினார். பல்லவியில் "விளக்கை அணைச்சிடு, எனக்கு வழி தெரியும்" என்ற வரிக்குப் பின்னால் மெதுவாகப் பாடும்போது ஒரு மௌனம் இருக்கும். போல்காவில் அந்த மௌனம் ஒரு காலடிக்கு இடமானது. முதல் தடவை அந்த இடத்தில் யாரோ ஒருவன் "ஹேய்" என்றான். இரண்டாவது தடவை ஹாலே "ஹேய்" என்று கூவி ஓங்கி மிதித்தது. மேடை அதிர்ந்தது. கட்டில், டிரிப்ஸ் பாட்டில், ஜன்னல் திரை எல்லாம் மார்லிஸ் வாயிலிருந்து வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தன. அது காதில் விழுந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ளவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லும் வரிக்கு அவர்களாகவே வேறொரு அர்த்தமும் கண்டுபிடித்து, ஜோடிகள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள். சுற்று ஒரு இடத்திலும் அறவில்லை.

முடித்ததும் இன்னொரு தரம் கேட்டார்கள். பாடினாள்.

இடைவேளையில் ஹாலுக்குப் பின்னால் பெக்கான் மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வில்லர்ட் வந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. அடுத்த வருடப் பிக்னிக்கை அங்கேயே பேசி முடித்தார். பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவரும் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறார் என்றும், அவர் அவளைத் தேடி வருவார் என்றும் சொன்னார். போகிறபோது அவள் தோளைத் தட்டி, "பழைய மார்லிஸ் வந்துட்டாம்மா" என்றார். நன்றி என்றாள்.

அடுத்து ராண்டல் வந்தான். போனில் பிடித்த படத்தை இதற்குள் நாலு பேருக்கு அனுப்பிவிட்டிருந்தான். "சேவலத் தூக்கிப் போட்டுடலாம். இதுதான் பாட்டு. சனங்களே கூவ வேண்டிய எடத்தக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, ரெண்டாவது சரணத்துல ஆஸ்பத்திரி வருதுல்ல, அத பீர் குடிக்கிற பார்னு மாத்திடு. கட்டில் இருக்கட்டும், பாருக்கு அப்புறம் கட்டில்தானே," என்றான்.

"சரி," என்றாள் மார்லிஸ்.

அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று ராண்டலே எதிர்பார்க்கவில்லை. அவள் மனசு மாறுவதற்குள் போய்விடுவது நல்லது என்று நினைத்தவன் போல, போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தான்.

வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்த எர்வின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெரிதாகப் பேசுகிறவன் இல்லை. தாளக் குச்சிகளைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"நீ பழசு எதையாச்சும் எடுப்பேன்னு நெனச்சுதான் அடிச்சேன். சத்தியமா இந்தப் பாட்டுக்கு அடிக்கல," என்றான்.

"தெரியும் எர்வின்."

"என் தம்பி சாகக் கெடந்து சொன்ன வார்த்த அது. அதுக்கு அவங்க ஹேய்ங்கிறாங்க. உனக்கு வலிக்கலையா?"

மார்லிஸ் யோசித்தாள். அவனிடமாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "வலிக்கல. மெதுவாப் பாடினப்பவும் வலிக்கல. வலிக்கும் வலிக்கும்னுதான் ரெண்டு வருஷமா அதையே பாடிப் பாத்தேன். கீழ உக்காந்து எல்லாரும் அழுவாங்க. நான் அவங்களப் பாத்துக்கிட்டே, அடுத்த வரி என்னன்னு நெனச்சுக்கிட்டு நிப்பேன்."

எர்வின் அவளை நிமிர்ந்து பார்த்தான். இதை அவன் எதிர்பார்க்கவில்லை. கோபித்துக்கொள்வதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல், குச்சிகளை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"உள்ள கூப்பிடுறாங்க," என்றான்.

உள்ளே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், அந்தப் பாட்டையே கேட்டுத் தரையை மிதித்துக்கொண்டு. மேடை ஏறியதும் மார்லிஸ் எர்வினுக்குத் தலையசைத்தாள். அவன் தாளத்தைப் பிடித்தான். இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் வேகமாகவே போனது. முதல் சரணம் முடிந்து பல்லவி, ஹால் கூவியது. இரண்டாம் சரணத்தில் ஆஸ்பத்திரி வர வேண்டிய இடத்தில் அவள் பார் என்று பாடினாள். சிரிப்பு எழும் என்று நினைத்த இடத்தில் எழுந்தது. அது கச்சிதமாகப் பொருந்தியதைக் கவனித்தாள், அவ்வளவுதான்.

பின்னால் தாளத்தில் ஒரு அடி கனமாக விழுந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். எர்வின் அழுதுகொண்டிருந்தான். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துடைத்துக்கொள்ள வழியில்லை. மூக்கும் கண்ணும் தாராளமாக ஒழுகின, தாடை கோணியது, வாய் திறந்து மூடியது. தாளம் மட்டும் பிசகவில்லை. கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு அது வேர்வை. தம்பி போன இத்தனை நாளில் அவன் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நெஞ்சுக்குள் எதுவோ சுருக்கென்றது. இரக்கமாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். இரக்கம் இல்லை. பொறாமை. அவனுக்குக் கிடைத்துவிட்டதே, எனக்குக் கிடைக்கவில்லையே என்கிற சின்னத்தனமான, பச்சையான பொறாமை. டெல்பர்ட் செத்த பிறகு அவளுக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதைக் கைவிட அவளுக்கு மனசில்லை, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் அடுத்த வரிக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை, ஆடிக்கொண்டிருந்தார்கள்.