கமுக்கப் பொத்தான்

“நம்ம கம்பெனியையும் குடும்பப் பட்டியல்ல ஏத்தணும். இன்னிக்கே. பன்னெண்டு மணிக்குள்ள.”

யெசேனியா உட்காரக்கூட இல்லை. கதவைத் திறந்த கையோடு சொல்லிவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று காலையில் மாடிப்படியில் மடக்கி கிர்ஸ்டன் எச்சரித்தாளோ, அதையேதான் கேட்டாள்.

கிர்ஸ்டன் ஹால்வர்சன் அவளுடைய மேலாளர். பாதி தின்ற பரீட்டோ ரொட்டிச் சுருளைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தாள். அவளுக்கு எதிரே நிறுவனத்தின் வக்கீல் மைலோ அபர்நாத்தி உட்கார்ந்திருந்தார். சன்னிவேல் மென்பொருள் கம்பெனிகளில் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கு ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அர்த்தம். மைலோ டை கட்டியிருந்தார்.

“கதவைச் சாத்து யெசி.”

சாத்தினாள். அப்போதும் உட்காரவில்லை. மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி நின்றாள். மணி பதினொன்று முப்பத்தைந்து.

காலை ஐந்தரைக்கே செய்தி வந்துவிட்டது. உலகத்தில் பாதி அலுவலகங்கள் எந்த மென்பொருளில் ஓடுகின்றனவோ அதைச் செய்கிற போர்ட்லாண்டு ராட்சதன் நார்த்மியர், இவர்களுடைய பெஞ்ச்மேட்டை முழுசாக வாங்குகிறது. வேலை பார்க்கிறவர்கள் தங்கள் படிப்பு, பதவி, பழகிய ஆட்கள் எல்லாவற்றையும் போட்டுவைக்கிற தளம் பெஞ்ச்மேட். யெசேனியாவுக்கு அதுதான் முதல் வேலை. அலுவலகத்தில் எல்லாரும் செய்தி கேட்டு அதிர்ந்துபோன மாதிரி நடித்தார்கள். பக்கத்து இருக்கை ஆன்-தூ மட்டும் நடிக்கவில்லை.

“ரெண்டு கம்பெனி பேரும் போட்ட டீ-ஷர்ட் நாலு பெட்டி வெள்ளிக்கிழமையே வந்து கிடக்குடி. அச்சடிக்க மூணு வாரமாவது ஆகும். நமக்கு முன்னாடி அச்சாபீஸ்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. சரி, உன்கிட்ட இருக்கற கம்பெனிப் பங்கெல்லாம் எவ்வளவுக்குப் போகும்னு கணக்குப் போட்டியா?”

“போடல.”

“பொய் சொல்லாத.”

“போட்டேன். ரெண்டு தடவை.”

ஆன்-தூ சிரித்தாள். யெசேனியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை மூன்று காப்பி குடித்தாள். நான்கு முறை மாடி இறங்கி ஏறினாள்.

பெஞ்ச்மேட்டில் அவள் பொறுப்பில் இருந்தது கமுக்கப் பொத்தான். அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு, யாரும் சொல்வதில்லை. வேறு வேலை தேடுகிறவர் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆள் எடுக்கிற எல்லா நிறுவனத்துக்கும் அது தெரியும், இப்போது சம்பளம் கொடுக்கிற நிறுவனத்துக்கு மட்டும் தெரியாது. இதில் ஒரு சிக்கல். கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டே இருக்கும். நேற்றுவரை யாரோவாக இருந்தவன் இன்றைக்கு உங்கள் முதலாளிக்கு முதலாளி. அதனால் எது எதனுடைய பிள்ளை, எது எதனுடைய தாய் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதுதான் குடும்பப் பட்டியல். வாங்குகிறோம் என்று எவன் அறிவித்தாலும் அறிவித்த அன்றைக்கே ஏற்றிவிடுவாள். கையெழுத்து, அரசாங்க அனுமதி, எதற்கும் காத்திருக்கமாட்டாள். ஆட்கள் பயப்படுவது அறிவித்த அன்றைக்குத்தான். ஏற்றினால், அந்த நிறுவனங்களில் இருந்துகொண்டு பொத்தானை அழுத்தியவர்களுக்கெல்லாம் அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத் தானாக ஒரு கடிதம் போகும்: ‘உங்கள் நிறுவனம் இன்ன நிறுவனத்தோடு சேர்கிறது. உங்கள் தேடல் இனி யாருக்குத் தெரியலாம் என்று யோசியுங்கள். இப்போதே அணைத்தால், அழுத்திய தடமும் அழிந்துவிடும்.’ இரண்டு வருடத்தில் அறுநூற்றுப் பதினொரு கொள்முதல். ஒன்றைக்கூட அவள் ஒரு நாள் தள்ளிப்போட்டதில்லை.

இன்றைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டாவது. வாங்கப்படுவது பெஞ்ச்மேட்டே. நார்த்மியரில் வேலை பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தியிருந்தவர்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் யாரிடமிருந்து ஒளிந்தார்களோ, அவனே இப்போது ஒளிந்த இடத்தை வாங்குகிறான்.

ஏழு மணிக்கு ட்வைலா ஹென்ஷா என்ற பெண் போர்ட்லாண்டிலிருந்து எழுதியிருந்தாள். நார்த்மியரில் மென்பொருளைச் சோதிக்கிற வேலை. ‘என் மேலாளர் பக்கத்து மேசையில் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார். நான் யாருக்கெல்லாம் தெரிகிறேன்?’ அவ்வளவுதான் கடிதம். இப்படி வருகிற கடிதங்களுக்கு யெசேனியா ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டுவிடுவாள். இதற்குப் பதில் போடக்கூடாது என்று கிர்ஸ்டனின் உத்தரவு.

“உட்காரு,” என்றாள் கிர்ஸ்டன். “காலையில நான் என்ன சொன்னேன்?”

“கேக்காதன்னு சொன்னீங்க.”

“அப்புறம்?”

“அப்புறமும் கேக்கறேன்.”

மைலோ தொண்டையைச் செருமினார். “யெசேனியா, கொள்முதல் முடிய ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டும் தனித்தனிக் கம்பெனி. நாம எப்படி அவங்க குடும்பம்?”

“மத்தவங்க அறுநூத்துச் சொச்சம் பேரும் அறிவிச்ச அன்னிக்கே குடும்பம் ஆனாங்க. நமக்கு மட்டும் முகூர்த்தம் பாக்கணுமா?”

“இது வேற.”

“எப்படி வேற?”

“அதெல்லாம் வியாழக்கிழமைக்கு அப்புறம் பேசிக்கலாம். அப்ப இந்தக் கேள்விக்கே அர்த்தம் இருக்காது.”

கிர்ஸ்டன் அவரைச் சட்டென்று பார்த்தாள். அந்தப் பார்வையை யெசேனியா பிடித்துக்கொண்டாள்.

“வியாழக்கிழமை என்ன?”

கிர்ஸ்டன் காகிதப் பொட்டலத்தை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

“கிர்ஸ்டன், வியாழக்கிழமை என்ன?”

“நார்த்மியர்காரங்க அன்னிக்குள்ள சில தகவல் கேட்டிருக்காங்க. வாங்கப்போற பொருளைப் பாக்கணும்ல. எந்தெந்தக் கம்பெனிக்காரங்க எத்தனை பேர் பொத்தானை அழுத்தியிருக்காங்க…”

“எத்தனை பேருன்னா, இல்ல யார் யாருன்னா?”

“பேரோடதான் கேட்டிருக்காங்க,” என்றாள் கிர்ஸ்டன், தாழ்ந்த குரலில். “எல்லாக் கம்பெனிக்கும்.”

“நார்த்மியருக்குமா?”

“எல்லாக் கம்பெனிக்கும்னா எல்லாக் கம்பெனிக்கும்தான்.”

யெசேனியா இப்போதுதான் உட்கார்ந்தாள். மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள்.

அவளுக்குப் பதினோரு வயதானபோது அவள் அப்பா மோடெஸ்டோவில் ஒரு பீச் பழ டப்பா ஆலையில் இருந்தார். கூலி அரை டாலர் கூட என்று கேள்விப்பட்டு இன்னோர் ஆலையில் போய் விசாரித்தார். அங்கே வாசலில் உட்கார்ந்திருந்தவன் இங்கே இருந்த மேஸ்திரியின் மைத்துனன். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்குப் போனவரை, உனக்கு இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காரணம் சொல்லவில்லை. அந்தக் கோடை முழுக்க வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் யெசேனியா. நேர்முகத் தேர்வில் எதற்காக இந்தப் பொத்தான் வேலையையே கேட்கிறாய் என்றபோது, இந்தக் கதையை இதே கிர்ஸ்டனிடம்தான் சொன்னாள். கிர்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை கொடுத்தாள்.

“இங்க பாரு யெசி,” என்றாள் கிர்ஸ்டன் இப்போது. “உனக்கு ரெண்டு வருஷத்துக்குத் தனிப் பங்கு ஒதுக்கச் சொல்லியிருக்கேன். குழுவுக்குத் தலைமை. உங்கப்பா அம்மாவுக்கு வீடே வாங்கலாம். வியாழக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா? நாலாயிரம் பேரையும் நார்த்மியர் ஒரே நாள்ல வெளிய தள்ளிடுமா?”

“நாலாயிரத்தைத் தள்ளாது. அடுத்த தடவை ஆள் குறைக்கறப்ப யாரை முதல்ல எடுக்கணும்னு தெரிஞ்சிக்கும்.”

“உனக்கு ஊரையே காப்பாத்தற வியாதி.”

“வியாதி இல்ல. வேலை. நீங்க குடுத்த வேலை.”

“அது என் வேலையும்தான்டி! நான் மட்டும் சந்தோஷமாவா உக்காந்திருக்கேன்?” கிர்ஸ்டனின் குரல் உடைந்தது. உடனே ஒட்டவைத்துக்கொண்டாள். “முடியாது. அவ்வளவுதான்.”

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. வெளியே புல்வெளியில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்குத் தலைவர் பேசுவார், பிறகு கேக்.

யெசேனியா மடிக்கணினியைத் திறந்தாள். வரி காலையிலேயே தட்டச்சாகி நின்றது. தாய்: நார்த்மியர். பிள்ளை: பெஞ்ச்மேட். அறிவித்த நாள்: இன்று. அதைப் பதியவேண்டியதுதான் பாக்கி.

“என்ன பண்ற?” என்றாள் கிர்ஸ்டன்.

“தினமும் பண்றதை.”

“ரெண்டாவது கையெழுத்து நான் போடணும். போடமாட்டேன்.”

“போன வருஷம் என்ன சொன்னீங்க? ‘தினம் தினம் ஒப்புதல் கேட்டு என் உயிரை வாங்காத, என் பேரையும் சேர்த்து நீயே போட்டுக்க’ன்னு சொன்னீங்க. உங்க ஒப்புதல் நிரந்தரமா கிடக்கு. நீங்க அதை எடுக்கவே இல்ல.”

பதிகிற விசையை அழுத்தினாள். சத்தம்கூட வரவில்லை.

கிர்ஸ்டன் மேசைத் தொலைபேசியை இழுத்து, கணினி அறையில் இருக்கும் கஸ் என்பவனை ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். “கஸ், பன்னெண்டு மணிக் கடிதங்களை நிறுத்து. இப்பவே.”

“நிறுத்தலாமே,” என்றான் கஸ். எதையோ மென்றுகொண்டிருந்தான். “கோரிக்கை எழுதி அனுப்புங்க. எதை, எதுக்காக நிறுத்தறோம்னு ஒரு வரி. எழுத்துல இல்லாம நான் தொடமாட்டேன், உங்க விதிதானே.”

கிர்ஸ்டன் விசைப்பலகையில் கை வைத்தாள்.

“எழுதாதீங்க!” மைலோ நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “கம்பெனி கை மாறற நேரம், இன்னிக்கு நாம எழுதற எதையும் அழிக்க முடியாது. ஒவ்வொரு எழுத்தும் நாளைக்கு நீதிமன்றத்துல நிக்கும். என்னன்னு எழுதுவீங்க? நார்த்மியர் ஆட்களுக்குத் தெரியக்கூடாதுன்னு நிறுத்தச் சொன்னோம்னா?”

“வேற ஏதாவது காரணம் சொல்றேன்!”

“பொய்க் காரணமா? அது இதைவிட மோசம்.”

“ஹலோ?” என்றான் கஸ். “இருக்கீங்களா? நாலு நிமிஷம் இருக்கு.”

கிர்ஸ்டனின் விரல்கள் எழுத்துகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றன. மைலோ டையைத் தளர்த்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். எதைப் பார்த்தும் ஒரு வரி வரவில்லை.

யெசேனியா எழுந்தாள். மடிக்கணினி கம்பெனியுடையது, மேசையிலேயே விட்டாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்றாள் கிர்ஸ்டன்.

“நான் போறேன்னு அர்த்தம்.”

“தலைமைப் பொறுப்பு, பங்கு, எல்லாம்…”

“காலையில கணக்குப் போட்டேன் கிர்ஸ்டன். ரொம்ப நல்ல தொகை.”

கதவைத் திறந்தாள். கூடம் காலியாக இருந்தது, எல்லாரும் புல்வெளிக்குப் போய்விட்டார்கள். பின்னால் மைலோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், உட்காருங்கள், பேசலாம் என்றார். அவள் நடையைக் குறைக்கவில்லை. மாடிப்படியில் பாதி இறங்கியபோது மணி பன்னிரண்டானது, வெளியே கைதட்டல் தொடங்கியது. நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்களும் போயிருக்கும். அவள் பக்கவாசல் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெயிலில் இறங்கி, நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே வேகமாக நடந்தாள்.